பட்டன் போனில் அச்சரப்பாக்கம்: ஓர் எழுத்திலக்கண ஆய்வு

பட்டன் போனில் எழுத்துகளைத் தட்டிக் கணினியிடமிருந்து தகவல் பெறும் முறை தொகை, விரி என இருவகைப்படும். எழுத்துக்கு ஓர் அழுத்து என்பது தொகை. ஏ, பி, சி மூன்றுக்கும் 2ஆம் விசையை ஒருமுறை தொட்டால் போதும், எந்த எழுத்து என்று ஊகிப்பது கணினியின் பாடு. அச்சரப்பாக்கம் ரயில் நிலையத்தின் குறியீடான ஏசிகே இம்முறையில் 225. அதற்குப் பொருந்தும் எழுத்துக்கோவைகள் 27. தொகை பற்றிச் சொல்ல வேறில்லை.

விரியில் ஓர் அழுத்து ஒரு மாத்திரை: ஏ-வுக்கு ஒன்று, பி-க்கு இரண்டு, சி-க்கு மூன்று. ஓரெழுத்து தனித்து மூன்று மாத்திரை ஒலிக்காது என்பது தொல்காப்பிய விதி. போன் தயாரித்தவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எஸ் நான்கு மாத்திரை. பழைய அமெரிக்கத் தொலைபேசி முகப்பில் கியூ கிடையாது. அது பிற்காலத்தில் 7ஆம் விசைக்குள் நுழைந்து எஸ்ஸை ஓரிடம் தள்ளியது. எம்எஸ் என்ற குறியீடுடைய எழும்பூர் இவ்வாறு ஓர் அழுத்து தூரமாயிற்று. ரயில் கட்டணம் இதனால் மாறவில்லை.

முன்பதிவுச் சீட்டின் நிலையறிய, பி.என்.ஆர். என்று தட்டி 10 இலக்க எண்ணைச் சேர்த்து 139க்குக் குறுஞ்செய்தி அனுப்புவது மரபு. பி ஒன்று, என் இரண்டு, ஆர் மூன்று என மாத்திரை ஏறுவரிசையில் அமைகிறது. விசைகளும் 7, 6, 7 என மாறி மாறி வருவதால் இச்சொல்லில் காத்திருப்பே இல்லை. காத்திருப்போர் பட்டியல் வேறு அதிகாரத்தில் அடங்கும்.

இனி, புணர்ச்சி. ஒரே விசைக்குரிய இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் இடையில் ஒரு நொடி விரலைத் தூக்கி நிற்க வேண்டும். நில்லாதவிடத்து நிலைமொழியும் வருமொழியும் கலந்து திரியும். ரயில் தேடுபவர் ஆங்கில எழுத்தில் தட்டும் அச்சரப்பாக்கம் 12 எழுத்து, 19 மாத்திரை. நிற்க வேண்டிய இடம் இரண்டு. மூன்றெழுத்துக்குப் பின் எண்ணும், அதன்பின் மறுபடி முதலெழுத்தும் வரும் போனில், நில்லாமல் தட்டினால் தொடக்கத்து ஏ-யும் சி-யும் சேர்ந்து நான்கு மாத்திரையாகி 2 என்ற எண்ணாகும். இரட்டைக் கே 5 ஆகும். திரையில் தோன்றுவது: 2 ஹரபா 5 ஏஎம்.

இதைக் கண்டபின் அறிஞர் சும்மா இருப்பரோ? 1921இல் தயா ராம் சாஹ்னி மண்வெட்டி கொண்டு ஹரப்பாவில் தேடியதை அச்சரப்பாக்கத்தார் கட்டைவிரலால் கண்டனர் என்பர் ஒரு சாரார். குறைகிற ‘ப்’ எங்கே என்றால், தமிழில் எழுதிய அச்சரப்பாக்கத்துள் அது பத்திரமாக இருப்பதைக் காட்டுவர். முன்னிற்கும் 2, இரண்டாம் ஹரப்பா இதுவே என்பதற்குச் சான்று. 5 ஏஎம் என்பது நாகரிகம் விடிந்த பொழுது என்பார் ஒருவர். தென்னிந்தியா நோக்கிப் புறப்பட்ட நேரம் என்பார் மற்றவர். இருவரும் ஆதாரமாகக் காட்டுவது ஒரே அடிக்குறிப்பை. அவ்வடிக்குறிப்பு இன்னொரு நூலின் அடிக்குறிப்பைப் பார்க்கச் சொல்கிறது. அந்நூலோ முதலாமவரின் மருமகன் எழுதிய முன்னுரையைப் பார்க்கச் சொல்கிறது. முன்னுரையில் மாமனாருக்கு நன்றி மட்டுமே உள்ளது. எதிர்த்தரப்பார் இம்முன்னுரையின் இரண்டாம் பதிப்பில் நன்றி நீக்கப்பட்டதைச் சுட்டி, கொள்கையே வீழ்ந்தது என்கின்றனர்.

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு முறிந்த தலமாதலின் அச்சிறுபாக்கம் என்றே தட்ட வேண்டும் என்பது பழம்பெயர்ப் பற்றாளர் துணிபு. அவர்கள் செலுத்தும் விலை 22 மாத்திரை, மூன்று நிறுத்தம். ஹெச்-சும் ஐ-யும் ஒரே விசை. நில்லாமல் தட்டினால் ஐந்து அழுத்தாகி, எண்ணையும் தாண்டி ஜி-யில் போய் நிற்கும். அவசரப்பட்ட பக்தருக்குக் கிட்டுவது: 2ஜி ரூபா 5 ஏஎம். இதற்கு உரை செய்ய இலக்கணப் புலவர் எவரும் முன்வராமையால் தணிக்கைத் துறையினருக்கு விடப்பட்டுள்ளது.

தமிழெழுத்திலேயே தட்டுதல் எஞ்சியுள்ளது. எழுத்துகள் 247, ஆங்கில எழுத்து பொறித்த விசைகள் 8. வகுத்தால் மீதி 7 வருகிறது. அந்த ஏழும் எவை என்பது நிதி ஒதுக்கப்பட்டபின் ஆராயப்படும்.