தொடாமலே நடக்கும் வீரன்

வீடியோ கேம் கன்ட்ரோலரில் யாரும் கை வைக்காமலே திரையில் வீரன் இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினால், வீட்டில் முதல் குற்றவாளி பிள்ளைதான். "போட்டு உடைச்சிருப்பே" என்று விசாரணையும் தீர்ப்பும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். சாட்சியமோ வேறு கதை சொல்கிறது. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக், பொட்டென்ஷியோமீட்டரை வைத்துத்தான் திசையை அறிகிறது. அதற்குள் கார்பன் பூசிய தடத்தின்மேல் ஒரு சின்ன உலோக முள் உரசிக்கொண்டே கிடக்கிறது. உரச உரசத் தடம் தேயும், தேய்ந்த இடத்தில் அளவு பிசகும், பிசகிய அளவையும் கட்டளை என்று நம்பி வீரன் பணிவோடு பள்ளத்தில் குதிப்பான். இந்த நோய்க்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். கோபத்தில் சுவரில் எறிகிறார்களே என்பீர்கள். எறிந்தால் மேல் ஓட்டில் காயம் தெரியும். ஓடு புத்தம்புதுசாக இருக்க உள்ளே மட்டும் தேய்ந்திருந்தால் அது உழைப்பின் தேய்மானம். அம்மி தேய்ந்ததற்கு அரைத்தவளைத் திட்டுவார்களா?

பெரிய கம்பெனி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது அடுத்த வாதம். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியின் 'ஜாய்-கான்' கன்ட்ரோலரில் வந்த டிரிஃப்ட்டுக்காக 2019இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2020இல் கம்பெனித் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேசவில்லை. 2023இல் ஐரோப்பாவில் வாரன்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தார்கள். எல்லாக் கண்டத்திலும் பிள்ளைகள் ஒரே மாதிரி போட்டு உடைத்தார்கள் என்று நம்ப முடியவில்லை. உரசாமல் இயங்க வேறு வழியில்லையே என்றால், அதுவும் பொய். காந்தத்தை வைத்து அளக்க உதவும் ஹால் விளைவை 1879இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கேம் கருவியின் ஸ்டிக்கில் அதுதான் இருந்தது.

"ரிப்பேருக்கு அலைவதைவிடப் புதிதாய் வாங்கிவிடலாமே?" வாங்கலாம், பெரும்பாலும் அதிலும் அதே கார்பன்தான் காத்திருக்கும். ஊதிப் பார்ப்பதும் ஆல்கஹால் தெளிப்பதும் தூசியைப் போக்கும், தேய்ந்த கார்பனை முளைக்க வைக்காது. ஸ்டிக்கையே மாற்றுவதுதான் மருந்து. பிளேஸ்டேஷனின் சாதாரண டுவல்சென்ஸ் கன்ட்ரோலரில் ஒரு ஸ்டிக்குக்கு 14 இடத்தில் ஈயப்பற்று எடுத்து, திரும்ப வைத்து, நடுநிலையைச் சரிபார்க்க வேண்டும். 2023இல் வந்த டுவல்சென்ஸ் எட்ஜிலோ ஸ்டிக்கைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். செய்யத் தெரியாமலில்லை, தெரிந்த வித்தையை ஏறக்குறைய மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே வாரன்டி இருந்தால் கூச்சப்படாமல் கம்பெனிக்கே அனுப்புங்கள். முடிந்திருந்தால் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் சால்டரிங் கைவந்தவரைத் தேடி, ஹால் ஸ்டிக் போட்டுத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, எத்தனை வண்ணத்தில் வருகிறது என்பதற்கு முன்னால், ஸ்டிக்கை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.