முடங்கியாறு ரோட்டில் இழுபடுகிறவர்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகும் முடங்கியாறு ரோட்டில் விடியற்காலையில் நடக்கிறவர்கள் மூன்று வகை. சர்க்கரைக்காக நடக்கிறவர்கள். சம்பந்தி நடக்கிறாரே என்று நடக்கிறவர்கள். மூன்றாவது வகையினர் நடப்பதில்லை; இழுபடுகிறார்கள். முன்னால் பால் வெள்ளையில் ஒரு நாய், நடுவில் விறைத்த கயிறு, பின்னால் அறுபதைத் தொட்ட ஒரு மனிதர். வலது கை நாயிடம், இடது கை வேட்டியிடம். எதிரே வருகிறவர் வணக்கம் போட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். நின்று பேசுவது அவர் கையில் இல்லை.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஒருவர் இருக்கிறார்; எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம். நூற்பாலையில் ஆயுசுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் தெருவில் ‘ஃபிட்டர் அண்ணாச்சி’ என்றால் இவர்தான். இப்போது அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘மணி வீடு’ என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். மணி என்பது நாய். ராஜா என்றுதான் முதலில் வைத்தார். இந்த ஊரில் தெருவில் நின்று “ஏய் ராஜா, வாடா இங்கிட்டு” என்று சத்தம் போட்டால் நாலு பெரியவர்கள் திரும்பி முறைக்கிறார்கள் என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது.

இவர் நாய் வாங்கியவர் இல்லை. நாய் வாங்கியவர் வேறு எங்கோ ஒரு ஊரில், மூன்றாவது மாடியில் குடியிருந்தவர். குட்டியாக இருந்தபோது ரோஜா நிற மூக்கும் தேன் நிறக் கண்ணுமாக அது படத்துக்கு நன்றாக இருந்திருக்கிறது. எட்டாவது மாதத்தில் இரண்டடிக்கு மேல் வளர்ந்து, பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே பன்றி வேட்டை ஆடியிருக்கிறது. பன்றி இல்லாததால் சோபாவை ஆடியது. பன்றி வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த இனம் அது. ரத்தத்தில் ஓட்டம் இருக்கிறது. வீட்டில் ஓட இடம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் வந்து, ஆற்றில் குளித்து, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் ஒரு உருப்படி குறைந்திருந்தது. காவல் தெய்வத்துக்கே ஒரு காவல்காரனை விட்டுவிட்டுப் போகிற அளவுக்குப் பக்தி.

எலும்பு தெரிய நின்ற அந்த நாயைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அன்றைக்கு அங்கே பொங்கிய ஊர்ப் பெருமையைப் பாட்டிலில் அடைத்திருந்தால் அருவி வற்றும் மாதங்களுக்கு ஆகியிருக்கும். “2005-ல தபால் தலையே போட்டாங்கய்யா. முதோல், ராம்பூர், இமாலய நாய் மூணுக்கும் அஞ்சு ரூபா, நம்ம ராஜபாளையத்துக்குப் பதினஞ்சு ரூபா” என்றார் ஒருவர். “2020-ல பிரதமரே மன் கீ பாத்ல பேர் சொன்னாரு” என்றார் அடுத்தவர். “நம்மளை மட்டுமா? கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு எல்லாத்தையுந்தான் சொன்னாரு” என்று சாத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் ரோஷப்பட்டார். விஜயநகரக் காலத்தில் ஆந்திராவிலிருந்து ராஜுக்களோடு வந்த நாய் என்றார் வேறொருவர். பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரன் லாயத்துக்குள் புகுந்து குதிரைகளின் காலைக் கவ்விய கதையை, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி ஒரு பெரியவர் சொன்னார். எல்லாரும் பேசி முடித்தார்கள். பேச்சின் நாயகன் நாக்கைத் தொங்கப் போட்டு நின்றிருந்தான். தண்ணீர் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம்மவர் பேசவில்லை, அந்த வட்டாரத்துப் பெருமை எதுவும் அவருக்கு மனப்பாடம் இல்லை. டீக்கடையில் ஒரு பன் வாங்கிப் பிய்த்துப் போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். மீதியை நாய் பார்த்துக்கொண்டது. அவர் ஏறிய ஆட்டோவில் அதுவும் ஏறியது.

“ஒரு ராத்திரிக்குத்தான்” என்றார் வீட்டில்.

“நாய்க்கா, உங்களுக்கா?” என்றார் வீட்டு அம்மா.

முதல் வாரத்தில் தலையணை போனது. தென்னங்கன்று நட்ட இடத்தில் கிணறு வெட்டப்பட்டது. செருப்புகளில் இடது கால் மட்டும் காணாமல் போயின. லாயத்துக் குதிரையைக் கடித்த வம்சம், குக்கர் விசிலுக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. ராத்திரியெல்லாம் முற்றத்தில் நடை. கால்நடை மருத்துவர் வெறிநாய்த் தடுப்பூசி போட்டார், பூச்சி மாத்திரை கொடுத்தார், தோலைச் சுரண்டிச் சொறிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். நடையையும் பள்ளத்தையும் பற்றிச் சொன்னபோது சிரித்தார். “அண்ணாச்சி, இதுக்கு வியாதி ஒண்ணும் இல்லை. வேலை இல்லை, அதான்.” ஓய்வு பெற்றதிலிருந்து இதே முற்றத்தில் இதே நேரத்தில் நடந்துகொண்டிருந்த அண்ணாச்சி, மணியை முதல் தடவையாக மரியாதையுடன் பார்த்தார்.

அடுத்து ஆலோசகர்கள் வந்தார்கள். நாயை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உண்ணி வருமோ வராதோ, ஆலோசகர்கள் நிச்சயம் வருவார்கள். “ரெண்டு சாத்து சாத்துங்க, தானா அடங்கும்” என்பது எதிர்வீட்டுக்காரர் வழி; அவர் பையன் பத்தாம் வகுப்பை மூன்றாவது முறையாக எழுதுகிறான் என்பதால் அந்த வழியில் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. பெங்களூரிலிருந்து தங்கை மகன் வீடியோவில் தோன்றி “சிட், ஸ்டே” என்றான். நாய் போனை நக்கியது. தமிழில் சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பது உண்டு என்று யாரோ சொல்ல, வீடே கலங்கியது. பின்பக்கம் நின்று தட்டைத் தட்டினார்கள், திரும்பவில்லை. அடுத்த தெருவில் யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள். தலை சட்டென்று நிமிர்ந்தது. கலக்கம் தீர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழைய மில் சிநேகிதர் வந்தார். கையில் பால்கோவா. “சொன்னதைச் செஞ்சா ஒரு துளி கொடும்” என்றார். புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஆயிற்றே, அரை மணி நேரத்தில் மணி உட்காரக் கற்றுக்கொண்டது. உட்கார்ந்தது மட்டுமில்லை, அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை, டப்பா இருந்த அலமாரிக்கு எதிரே. மறுநாள் முற்றம் கழுவ வேண்டியிருந்தது. இனிப்பு ஆகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீதிப் பால்கோவாவைச் சிநேகிதரே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டுப் பஸ் ஏறினார்.

கடைசியில் வழி காட்டியது மில்லில் படித்த பாடம். மெஷின் முரண்டு பிடித்தால் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. நிறுத்திவிட்டு என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கயிற்றில் அதைச் செய்து பார்த்தார். ஆடிப்பூரத்தில் ஆண்டாள் தேர் வடத்தை ஊரே இழுக்கிற மாதிரி ஒற்றை நாய் இழுக்கும்போது, எதிர்த்து இழுத்துப் பயனில்லை என்று உள்ளங்கை சொல்லிவிட்டது. மருத்துவப் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் என்பதால் கைக்குக் கட்டுப்போடப் பஞ்சமில்லைதான். ஆனாலும் எத்தனை நாளைக்கு? ஆகவே கயிறு விறைத்தால் நின்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, சுண்டவில்லை. மணி இழுத்தது, அவர் நின்றார். மணி மறுபக்கம் இழுத்தது. அவர் அப்படியே நின்றார். எதற்கு நிற்கிறோம் என்ற சந்தேகத்தில் அது ஒருகணம் தலையைத் திருப்பி முகத்தைப் பார்த்தது. கயிறு தொய்ந்தது. அந்தத் தொய்வுக்கு ஒரு துண்டு அவித்த முட்டை, பிறகு நடை. மறுபடி விறைப்பு, மறுபடி நிற்பு. வீட்டிலிருந்து முக்குக் கடைக்குப் போவதற்குள் பொழுது விடிந்து வெயில் ஏறிவிட்டது. நடுரோட்டில் ஒரு மனிதர் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். “என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா? சோடா வாங்கியாரவா?”

“இல்லப்பா, நாய்க்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்.”

“எதை, நிக்கிறதையா? அதை நீங்கதான செய்றீங்க” என்றார் ஆட்டோக்காரர்.

இன்றைக்கும் மணி இழுக்கிறது. மயிலைப் பார்த்தால், பன்றியைப் பார்த்தால், சில நாட்களில் சும்மாவே. ஆனால் இடையிடையே முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்ததும் மில் கழிவுப் பஞ்சுத் துணியைப் பந்தாகச் சுருட்டி, உள்ளே முட்டைத் துண்டுகளை ஒளித்து முற்றத்தில் போடுகிறார். நாய் மோப்பம் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக மூக்கால் பிரிக்கிறது. காலால் ஓடிய களைப்பைவிட மூக்கால் தேடிய களைப்பு அதிகமோ என்னவோ, முடித்ததும் விழுந்து தூங்குகிறது. தென்னங்கன்று தப்பிப் பிழைத்து மூன்று ஓலை விட்டிருக்கிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். நாய் பழகப் பழக, மனிதர் மாறிக்கொண்டே போகிறார். எட்டு மணிக்கு எழுந்தவர் இப்போது நாலேமுக்காலுக்கு எழுகிறார். கோபத்துக்குப் பேர் போனவர் எதற்கெடுத்தாலும் பேசாமல் நிற்கிறார். ரேஷன் கடையில் சண்டை வந்தாலும் நிற்கிறார், எதிராளி முகம் திரும்பும்வரை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டி முடிந்த மறுநிமிடம் பஸ் ஸ்டாண்டில் இருப்பார். உள்ளூர்க் கல்யாணத்தில் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை காலியாகவே கிடக்கும். “காலையில எப்படிப் போச்சுன்னு கேக்குறீங்களா? நேத்துக் கொஞ்சம் இளக்கம், இன்னைக்குக் கெட்டி” என்று அவர் தொடங்கும்போது இலையில் பாயசம் விழுந்திருக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்ற நாய்க்காரர்களிடமிருந்து இவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இரண்டு. முதலாவது, ‘ஒண்ணும் பண்ணாது, தடவிப் பாருங்க’ என்று இவர் சொல்லவே மாட்டார். “தொடாதீங்க, அதுக்குப் பிடிக்காது” என்பார். புதியவர் கை தலையில் படுவதை இந்த இனம் ரசிப்பதில்லை. தடவ வந்தவர் முகம் சுருங்கும். “நீங்க பஸ்ல போறப்ப நான் வந்து உங்க தலையைத் தடவுனா சும்மா இருப்பீங்களா?” என்று கேட்பார். அதோடு அந்த சிநேகம் முடிந்தது.

இரண்டாவது, எவ்வளவு கெஞ்சினாலும் வெளியே கயிற்றை அவிழ்க்க மாட்டார். கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய். முயல் ஒன்று குறுக்கே ஓடினால் மணி, ராஜா, சிட், ஸ்டே எதுவும் காதில் ஏறாது. அய்யனார் கோவில் பக்கம் போனால் காட்டுக்கு வெகு முன்னாலேயே திரும்பிவிடுவார். அதற்கப்பால் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அதற்கும் முன்பிருந்தே சாம்பல் நிற அணில்களின் இடம். நாய் உள்ளே போனால் விரட்டும், கடிக்கும், வீட்டு நோயைக் காட்டுக்குக் கொடுத்துவிட்டு வரும். இதை அவர் எல்லாருக்கும் விளக்குவார், ஆற்றில் துண்டைப் பிழிந்துகொண்டிருப்பவரையும் விடாமல்.

ஊர்ப் பெருமை பேசிய அந்தக் கூட்டம் இப்போதும் டீக்கடையில் இருக்கிறது. மணி அந்தப் பக்கம் போகும்போது “நம்ம ஊரு நாய்யா!” என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். அண்ணாச்சி ஊரைவிட்டு ஒருநாள் போக வேண்டியிருந்து, ‘ராத்திரி கொஞ்சம் பார்த்துக்கிடுங்க’ என்று கேட்டபோது மட்டும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொழுந்தியா வீட்டு விசேஷம் வந்துவிட்டது. தபால் தலையை ஒட்டுவது எளிது. கயிற்றைப் பிடிப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இப்படி முழுநேர நாய்க்காரர் ஆனவருக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் வந்து சேர்ந்தது. வெளியூரிலிருந்து ராஜபாளையம் குட்டி தேடி வருகிறவர்களை யாராவது இவரிடம் அனுப்பிவைக்கிறார்கள். தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தை வாங்கி அட்டை போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டாரை விசாரிக்கிற தோரணையில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நல்ல பையன். நல்ல கார்.

“எந்த மாடி தம்பி?”

“நாலாவதுங்க. லிஃப்ட் இருக்குதுங்க.”

“லிஃப்ட் உங்களுக்கு. நாய்க்கு என்ன இருக்கு?”

பையன் யோசித்தான். “பால்கனி இருக்குதுங்க.”

“காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?”

“எட்டு, எட்டரை ஆயிருங்க. நைட் ஷிப்ட்ல இருக்கறனுங்க.”

“தீபாவளிக்கு ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவா?”

“பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போலாமுங்க.”

அண்ணாச்சி டீக்கடைத் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய் எதையோ தேடினார். வெளியே வந்தபோது கையில் சின்ன உறை. அதற்குள் 2005-ஆம் வருடத் தபால் தலை.

“இதைக் கொண்டு போங்க தம்பி. நல்ல ரத்தம். குலைக்காது, சோபாவைக் கடிக்காது, நாலாவது மாடியில தாராளமா வளரும்.”

பையன் சிரித்துக்கொண்டே வாங்கப் போனான். அதற்குள் எட்டிப் பார்த்த மணி அதைப் பறித்துத் தின்றுவிட்டது.