ஊர் எண்ணுதல்: தமிழ்நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் ஒருமுறையாவது போய்வந்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தோள்பையோடு கிளம்புகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவன் இவ்வாய்வாளன். அவனது 11 ஆண்டுக் களப்பணியும், அவன் மனைவியிடம் பெற்ற வாய்மொழித் தரவுகளும் இவ்வாய்வின் முதன்மை ஆதாரங்கள். ‘இது வேலையத்தவன் வேலை’ என்பது இவ்வாய்வின் கருதுகோள் அன்று. மேற்படி வாய்மொழித் தரவு.

2. முன்னோர் முயற்சிகள்

ஊர்களைப் பட்டியலிட்டு முடிக்கும் ஆசை நமக்குப் புதிதன்று. சைவர்க்குப் பாடல் பெற்ற தலங்கள் உண்டு. வைணவர்க்கு 108 திவ்யதேசங்கள். அவற்றுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இம்மண்ணில் இல்லை. எனவே எவ்வளவு முயன்றாலும் உயிரோடிருக்கும்வரை 106தான். எந்தப் பட்டியலிலும் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தே தீரும் என்னும் உண்மையை ஆன்றோர் முன்பே உணர்ந்திருந்தனர் என்க.

உ.வே.சா.வும் ஊர் ஊராக அலைந்தார். ஆனால் அவர் போனது ஏடு தேடி. பக்தர் போவது அருள் தேடி. மாப்பிள்ளை வீட்டார் போவது பெண் தேடி. எதையும் தேடாமல் போனவர் பற்றிய ஆய்வு இல்லை. அவ்விடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது.

3. ‘ஊர்’ என்பது யாது?

ஊர் எது என்று தெரிந்தால்தானே எண்ண முடியும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு வரையறை உண்டு. நகராட்சி, பேரூராட்சி போன்ற அமைப்பு இல்லாவிட்டாலும், 5,000 பேர் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசித்து, வேலை செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருந்தால் அது நகரம். எனவே, விளிம்பில் நிற்கும் ஒரு கிராமத்தில் ஒருவர் மாட்டை விற்றுவிட்டு ரீசார்ஜ் கடை போட்டால் அடுத்த கணக்கெடுப்பில் அது நகரமாகிவிடும். அந்த மாட்டை வாங்கியவரால் பக்கத்து நகரம் கிராமமாகிவிடும் அபாயமும் உண்டு.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,097 நகரங்கள். வாரம் ஒன்று என்று விடாமல் போனாலும் 21 ஆண்டுகள். தீபாவளி, பிள்ளைகள் பரீட்சை, மச்சினன் வீட்டுக் காதுகுத்து ஆகியவற்றைக் கழித்தால் பணி ஓய்வுக்குப் பிறகும் இழுக்கும்.

‘மாவட்டத்தை எண்ணினால் எளிது’ என்பர் ஒரு சாரார். அற்றன்று. என்னை? 1956இல் 13 மாவட்டங்கள், இன்று 38. 32 மாவட்டங்களையும் முடித்துவிட்டேன் என்று 2018இல் அலுவலகத்தில் ஜாங்கிரி கொடுத்தான் இவ்வாய்வாளன். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு ஆறு மாவட்டம் பாக்கி. ஜாங்கிரி தின்றவர்கள் இன்றுவரை கேட்கிறார்கள்.

பெயரிலும் சிக்கல். உதகமண்டலம், உதகை, ஊட்டி என்று ஓர் ஊரை மூன்றாகக் கணக்கெழுதுவோர் உளர். மரூஉ என்பது இலக்கணம். மோசடிக்கு அது துணைபோகாது. மறுபுறம் ஒரே பெயரில் பல ஊர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறி, ‘புதுப்பட்டி ஒண்ணு’ என்றதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் ஏறிட்டுப் பார்த்தார். ‘எந்தப் புதுப்பட்டி?’ இதற்காகத்தான் அவ்வூர்க்காரர்கள் வ.புதுப்பட்டி என்று ஊருக்கே இனிஷியல் வைத்திருக்கிறார்கள். அரியலூர்ப் பக்கம் வி.கைகாட்டி என்றோர் ஊர். வழிகாட்ட நின்ற கைகாட்டியே ஊராகி, அதற்கும் இனிஷியல் வந்துவிட்டது.

4. ‘போதல்’ என்பது யாது?

ரயில் ஜன்னலில் பார்த்தது போனதாகாது. பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழைந்து வெளியேறியதும் ஆகாது. ‘ஊருக்குள்ள போகாது, பைபாஸ்ல இறங்கிக்குங்க’ என்று ராத்திரி இரண்டு மணிக்குப் பாலத்தடியில் விடப்பட்ட ஊர்களை அரை என்று கொள்வதா என்பது இன்னும் தீரவில்லை. நீண்ட யோசனைக்குப் பின் இவ்வாய்வாளன் வகுத்த விதி:

‘இறங்கி, கடையில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்த ஊரே போன ஊர்.’

‘உட்கார்ந்து’ என்பதைக் கவனிக்க. நின்றுகொண்டு குடித்தது வழியிற் குடித்ததாகும். ‘ஒரு’ என்றதனால் அரை டீ விலக்கப்பட்டது.

தின்பண்டத்தைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் சென்னையில் ஒரே தெருவில் கிடைக்கின்றன. கும்பகோணம் டிகிரி காபியை இவ்வாய்வாளன் எத்தனையோ நெடுஞ்சாலைகளில் குடித்திருக்கிறான். கும்பகோணத்துக்குள் போனபோது விதிப்படி டீயே குடித்தான். எனவே தின்பண்டச் சான்று தள்ளுபடி.

5. களத்தில் எழுந்த வினா

போன ஊரிலெல்லாம் ஒரே கேள்வி. டம்ளரைக் கையில் வாங்கியதும் பெஞ்சின் மறுகோடியில் தினத்தந்தி மடங்கும்.

‘யாரைப் பாக்கணும்?’

‘யாரையும் இல்லீங்க. சும்மா ஊரைப் பாக்க வந்தேன்.’

சற்று மௌனம். பிறகு, ‘இடம் பாக்கறீங்களா?’ அதுவும் இல்லையென்றால், ‘சர்வே ஆபீஸா?’ அதுவும் இல்லையென்றால் தினத்தந்தி மறுபடி விரியும். ஆனால் அதற்குப் பின்னாலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆளைப் பார்க்கப் போகும் இடமே ஊர் என்பது மக்கள் வழக்கிலுள்ள வரையறை. இது கணக்கெடுப்பு வரையறையினும் பழையது, கடுமையானது.

6. முடிவுரை

பட்டியலைத் தொகுத்தபோது ஓர் அதிர்ச்சி. இவ்வாய்வாளனின் சொந்த ஊருக்கு நேரே குறி இல்லை. பிறந்து பதினெட்டு ஆண்டு வளர்ந்த பேரூராட்சி அது. அங்கே அவன் ஒருநாளும் டீக்கடையில் உட்கார்ந்ததில்லை. வீட்டைத் தாண்டிக் கடையில் போய்க் குடிக்க அம்மா விட்டால்தானே? விதி விதிதான் என்று போன மாதம் ஊருக்குப் போனவன், வீட்டுக்குப் போகும் முன் முக்குக் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். இங்கே யாரும் ‘யாரைப் பாக்கணும்?’ என்று கேட்கவில்லை. டீயை ஆற்றியபடியே கடைக்காரர் கேட்டார்:

‘என்னடா, வீட்ல சண்டையா?’

குறி போட்டுவிட்டு நடந்தான். அவனுக்கு முன்னே சேதி போய்விட்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

‘நம்ம வீட்ல பாலா இல்ல?’

அந்தக் குறியை அழிப்பதா வைப்பதா என்பது மேலாய்வுக்கு உரியது.