வாளிக் கோடுகள்: புதுக்கோட்டைப் புறநகர் உப்புத் தண்ணீர் குறித்து ஓர் ஆய்வு

சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை என்று புதுக்கோட்டையின் பெருமைகளை அறிஞர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் நகரை ஒட்டி முளைத்த மனைப்பிரிவுகளில், போர் தண்ணி பிடித்து வைக்கும் வாளியின் உட்சுவரில் படிகிற வெள்ளைக் கோட்டை ஒருவரும் சீந்தவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இல்லாத இடைவெளியைக் கண்டுபிடித்து நிரப்புவதுதான் முனைவர் பட்டத்துக்கான முதல் தகுதி. நமக்கு அந்தச் சிரமம் இல்லை.)

ஆய்வு எல்லை: ஒரு குளியலறை, ஒரு சமையலறை, பாதி மொட்டைமாடி. மறுபாதியில் வடாம் காய்வதால் அது விலக்கப்பட்டது.

கருதுகோள்: தண்ணீரில் உப்பு இருக்கிறது. ஆய்வு முடிவும் அதுவே.

முந்தைய ஆய்வுகள்: 'இந்தத் தண்ணியில மனுஷன் குளிப்பானா?' (எதிர்வீட்டு அத்தை, வாய்மொழி.)

இப்பகுதி மக்கள் நீரை மூன்றாக வகுப்பர். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயில் முறை வைத்து வருவது நல்ல தண்ணி. காசு கொடுத்தால் வருவது கேன் தண்ணி. கேட்காமலே எப்போதும் வருவது உப்புத் தண்ணி. இம்மூன்றாவதன் தோற்றம் பின்வருமாறு. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. பிறகு பாறை இடுக்குகளிலும் சுக்கான்கல் படிவுகளிலும் ஊறி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அதே மழை உள்ளே இறங்காமல் ஊருணியில் தேங்கியிருந்தால் மென்னீராகவே இருந்திருக்கும். 'அந்தக் காலத்து ஊருணித் தண்ணியில பருப்பு பஞ்சா வேகும்' என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் ஏக்கம் என்று நாம் தள்ளிவிடுகிறோம். அது சுத்தமான வேதியியல்: கடின நீரின் கால்சியம் பருப்பை இறுக்கிவிடும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிலை 10500. நம் பகுதியில் வேறு வழி இருந்ததாகச் சான்றில்லை.

வீட்டு விளைவுகளைச் சுருக்கமாகத் தருவோம். தலைமுடி: சிக்கு. வெள்ளை வேட்டி: பெயரளவில். சோப்பு: கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுத்த கசடாகித் தரையில் ஒட்டுகிறது, கால்சியம் தீர்ந்த பிறகே நுரை வரும், அதற்குள் சோப்பு தீர்ந்துவிடும். ஷவர்: நாலு துளையில் மட்டும், நாலு திசையில். ('உப்பு அடைச்சிருக்கு' - பிளம்பர் அண்ணன், வாய்மொழி, வாயில் டெஸ்டரைக் கவ்விய நிலையில், பாடம் தெளிவில்லை.)

இனி வாளி. சித்தன்னவாசலில் பாறையின் மேல் சுண்ணாம்புப் பூச்சு இட்டு, அதன்மேல் தாமரைக் குளம் வரைந்தார்கள். நம் வாளியில் குளம் முதலில் வந்தது, சுண்ணாம்பு பிறகு. இந்த வேறுபாடு போக, இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. சித்தன்னவாசல் ஓவியம் மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டு என்றனர் முன்னோர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் குகையைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டை வைத்துப் பாண்டியர் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு என்றனர் பின்னோர். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளை வைத்தே இரண்டு தலைமுறை அறிஞர்கள் கருத்தரங்குச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வாளி ஆய்வுக்கும் அத்தகைய எதிர்காலம் உண்டு என்பதை நிறுவுவோம்.

வாளியில் மூன்று கோடுகள் தெரிகின்றன. மேல்கோடு தடித்தது, நடுக்கோடு மெலிந்தது, அடிக்கோடு மஞ்சள் பூத்தது. நீர் ஆவியாகும்போது விளிம்பில் உப்பு படியும். ஆகவே ஒவ்வொரு கோடும் தண்ணீர் அசையாமல் நின்ற ஒரு காலகட்டத்தைக் குறிக்கும். மேல்கோடு பள்ளி விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போன காலத்தது என்பது ஒரு கட்சி. மோட்டார் பழுதாகித் தண்ணீரைச் சேமித்த காலத்தது என்பது எதிர்க்கட்சி. வாளியே இரவல் வாளி, திருப்பித் தரவில்லை, ஆகவே கோடுகள் மூன்றும் வேறொரு வீட்டு நாகரிகத்தைச் சேர்ந்தவை என்கிறது மூன்றாவது கட்சி. (மேல்வீட்டு அக்கா, 'அது எங்க வாளிங்க', மொட்டைமாடிப் பதிப்பு, மேற்குக் கைப்பிடிச்சுவர், இரண்டாம் கொடி, புடவைக்கும் போர்வைக்கும் இடையே. இதன் திருத்திய பதிப்பு மறுநாள் பால் வாங்குமிடத்தில் வெளியாயிற்று. மூலத்தில் இல்லாத இரண்டு வசைகள் அதில் இடைச்செருகலாக உள்ளன. பிற்காலத்தவை என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம்.)

அடுத்தது இசை. குடுமியான்மலைப் பாறையில் ஏழு பிரிவுகளாகச் சுரங்களை வெட்டி வைத்த மன்னன், தான் உருத்திராசாரியரின் மாணவன் என்று சொன்னானே தவிர, தன் பெயரைச் சொல்லவில்லை. பிற்கால அறிஞர்களுக்கு வேலை கொடுக்கும் நல்லெண்ணம் என்று கொள்க. எங்கள் வீட்டு கீசரும் பாடுகிறது, அதுவும் பெயர் சொல்லாமல். கம்பிச்சுருள் மேல் உப்பு ஓடு கட்டிக்கொள்ள, ஓட்டின் இடுக்கில் மாட்டிய நீர் கொதித்து ஆவிக்குமிழாக வெடிப்பதால் முதலில் சீழ்க்கை, பிறகு படபடப்பு. ஓடு தடிக்கத் தடிக்க வெப்பம் நீருக்குப் போய்ச்சேர நேரமாகிறது. கச்சேரி நீள்கிறது, கரண்ட் பில்லும் நீள்கிறது.

இவ்விடத்தில் வடிகட்டி விற்க வந்த தம்பியின் ஆய்வுமுறையை மறுக்க வேண்டியுள்ளது. அவர் பேனா போன்ற கருவியை டம்ளரில் முக்கி, எண்ணைக் காட்டி, 'பாருங்க சார், எவ்வளவு கடினம்!' என்றார். அக்கருவி, நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்புகளைத் தோராயமாக மொத்தம் போடுவது. எது கால்சியம், எது சமையல் உப்பு என்று அதற்குத் தெரியாது. நல்ல தண்ணியில் கல்லுப்பு போட்டு நீட்டினேன், கருவி பதறிற்று. தம்பி பதறவில்லை. பெரிய கருவி ஒன்று வண்டியில் இருப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டிய ஆள்.

மேலாய்வுக்கு உரியது இட்லிக் கொப்பரை. அடியில் படிந்திருந்த வெண்படலம் அடுக்கடுக்காக, அகழாய்வுக்கு ஏற்ற நிலையில் இருந்தது. அளவுகோலோடு போனபோது, அதில் புளியும் பிழிந்த எலுமிச்சை மூடியும் போட்டுக் கொதிக்கவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். சான்றை அழித்தது ஏன் என்று கேட்டதற்கு, 'அந்த வாளியையும் கொண்டாங்க' என்று பதில் வந்தது.