செட் மாஸ்டர்

ஊருக்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மாஸ்டர் உண்டு. பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக் கடைக்கு மேல்மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, சித்திரை வெயிலிலும் கழுத்தை விட்டு இறங்காத டை. இவர்களில் ஒற்றைச் சொல் பித்து பிடித்தவர்கள் தனி ரகம். ஒருவருக்கு 'கெட்', இன்னொருவருக்கு 'டேக்'. நான் சொல்லும் மாஸ்டருக்கு 'செட்'.

முதல் வகுப்பில் வணக்கம்கூட அப்புறம்தான். "1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி, இரண்டாம் பதிப்பு. இந்த மூணெழுத்துக்கு மட்டும் 430 பொருள்!" என்று பலகையைத் தட்டுவார். சூரியன் செட் ஆகும், ஜெல்லி செட் ஆகும், முறிந்த எலும்பை மருத்துவர் செட் செய்வார், மோதிரத்தில் கல்லை ஆசாரி செட் செய்வார். "நிகழ்காலம் செட், இறந்தகாலமும் செட், பாஸ்ட் பார்ட்டிசிபிளும் செட். என்னை மாதிரி. எந்தக் காலத்திலும் மாறாது!"

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பம்ப்செட் மெக்கானிக் ஒருவர். பக்கத்து ஓட்டலில் செட் தோசை தின்றுவிட்டு வந்த பையன். கல்லூரி வாத்தியாராவதற்கு செட் தேர்வு எழுதும் எம்.ஏ. பட்டதாரி. அக்காவுக்கு மாப்பிள்ளை செட்டாகிவிட்டதால் நகை செட் எடுக்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பும் பெண். இவர்களுக்கு இந்தச் சொல் தெரியாது என்று மாஸ்டர் மனதார நம்புகிறார். அவர்களும் நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள்.

உண்மையில் ஆங்கிலம் கற்க வருபவருக்கு ஏழெட்டுப் பொருள் போதும். சொல்லைத் தனியே பிடிக்காமல், அலாரத்தோடும் தேதியோடும் சாப்பாட்டு மேசையோடும் சேர்த்தே மனதில் போட்டுக்கொண்டால் நாக்கு தானாகப் பழகும். இதை மாஸ்டரிடம் யாரும் சொல்வதில்லை. மீதி நானூற்றுச் சொச்சத்தை அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

ஒருநாள் அந்த எம்.ஏ. மெல்ல ஆரம்பித்தார். "சார், 'ரன்' முந்திடுச்சாம். வினைச்சொல்லா மட்டும் 645 பொருளாம். பீட்டர் கில்லிவர்னு அகராதிக்காரர் ஒன்பது மாசம் உட்கார்ந்து பிரிச்சாராம்."

மாஸ்டர் டையைத் தளர்த்தினார். அந்த வகுப்பில் அதுவரை யாரும் பார்க்காத காட்சி அது. கொஞ்ச நேரம் கழித்து, "கிரிக்கெட்ல எடுத்த ரன்னையும் சேர்த்துக் கணக்கு காட்டியிருப்பான்" என்றார். ரன் விவகாரம் அன்றோடு முடிந்தது.

வகுப்பு கலையும்போது மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், இந்த ஏழு மணி பேட்ச் எனக்கு செட் ஆகல."

"தப்பு! சன் செட்ஸ். ஜெல்லி செட்ஸ். பேட்ச் எப்படிப்பா செட் ஆகும்? எங்கே, சரியா சொல்லு!"

மெக்கானிக் யோசித்தார். "கட்டின ஃபீஸைத் திருப்பிக் கொடுங்க சார்."

"அதுக்கு இந்த வகுப்பில் யூசேஜ் கிடையாது" என்று மாஸ்டர் பலகையைத் துடைக்கத் திரும்பிவிட்டார்.