கூப்பன் தொழிலாளி எழுதும் விண்ணப்பம்

பெறுநர்:
மாண்புமிகு அமைச்சர் அவர்கள்,
உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு,
புத்ராஜெயா.

நகல்: மனிதவள அமைச்சு (காரணம் கீழே)

பொருள்: கூப்பன் தேடுவதை வேலையாக அங்கீகரிக்கக் கோருதல்

ஐயா,

படிவங்களில் 'தொழில்' என்ற இடத்தில் இதுவரை 'இல்லத்தரசி' என்று எழுதி வந்தேன். இனி 'கூப்பன் தேடுநர்' என்று எழுத அனுமதி வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பேரங்காடி ஆப்பில் புதுக் கழிவுக் கூப்பன் திறக்கும். பன்னிரண்டு ஐந்துக்கெல்லாம் தீர்ந்துவிடும். கிள்ளானில் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் நாங்களும் காவலாளிகளும்தான். காவலாளிக்குச் சம்பளம் உண்டு.

கணக்கைக் கேளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 17 சென். ஐந்து வெள்ளிக் கழிவுக்காக ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தேய்த்தால் எனக்கு இன்னும் 3 வெள்ளி 17 சென் பாக்கி வர வேண்டும். இபிஎஃப், சொக்சோ தனி. மனிதவள அமைச்சுக்கு நகல் அனுப்புவது இதற்காகத்தான்.

அந்த ஐந்து வெள்ளியாவது கைக்கு வருகிறதா என்றால், அதற்கும் நிபந்தனைகள். எங்கள் பக்கத்துப் பேரங்காடி ஒன்றில் குறைந்தது 80 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்க வேண்டும். அரிசி, சமையல் எண்ணெய், சீனி, பால்மாவு இந்தக் கணக்கில் சேராது. இவை நான்கும் இல்லாமல் ஒரு குடும்பம் 80 வெள்ளிக்கு வேறு எதைத்தான் வாங்கும்? சோப்புத்தூளும் வாசனைத் திரவமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். எங்கள் வீட்டில் அடுத்த தீபாவளி வரை துணி மணக்கும். அரிசி டப்பாதான் காலி.

போன வாரம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கையில் திரை விரிசல் விட்ட கைப்பேசி. பேரன் நிறுவிக் கொடுத்த ஆப் சுற்றிச் சுற்றி நின்றது. புதுப்பிக்கச் சொன்னது, பிறகு கடவுச்சொல் கேட்டது. கடைசியில் காசாளர்ப் பெண் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, கூப்பன் சூடா ஹபிஸ்" (தீர்ந்துவிட்டது) என்றாள். பாட்டி முழு விலையைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர், முன்பே எடுத்துவைத்த கூப்பனைக் காட்டி, பாட்டி வாங்கிய அதே சோப்புத்தூளை மூன்று வெள்ளி குறைவாக வாங்கிப் போனார்.

கடைக்காரர்கள் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். 2011-ல் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டமும் வந்தது. உங்கள் அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலியில் எந்தக் கடையில் என்ன விலை என்று ஒப்பிட்டும் பார்க்கலாம். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்தச் சோப்புத்தூளின் விலை எது, ஐயா? பாட்டி கொடுத்ததா, இளைஞர் கொடுத்ததா? மூன்று வெள்ளி குறைத்தும் கடை நஷ்டப்படவில்லை என்றால், பாட்டியிடம் அதைக் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? நல்ல கைப்பேசியும் இணைய டேட்டாவும் ஓய்வு நேரமும் இல்லாதவர்கள் கட்டும் வரி இது. ஜிஎஸ்டியாவது அறிவித்துவிட்டு 2015-ல் வந்தது, 2018-ல் சுழியமும் ஆயிற்று.

எளிதாகக் கொடுக்கத் தெரியாது என்று அரசாங்கத்தைச் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான சாரா உதவியாக 100 ரிங்கிட் மைகார்டு அடையாள அட்டையிலேயே வந்தது. ஆப் வேண்டாம், நள்ளிரவு விழிப்பு வேண்டாம். அட்டையை நீட்டினால் போதும். முதல் நாள்களில் கணினி திணறியது, அது வேறு கதை. நூறு வெள்ளிக்கு ஓர் அட்டை போதும் என்றால், ஐந்து வெள்ளிக்கு இத்தனை வாசல் எதற்கு?

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் மளிகைக்கடைகளில் வளர்ந்த தலைமுறை நாங்கள். சம்பளம் வரும்வரை 555 நோட்டில் கடன் எழுதிக்கொள்வார்கள். பில்லில் சில்லறையைத் தள்ளிவிட்டு, கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்கள். அதற்கு 'குறைந்தபட்சக் கொள்முதல்' என்று யாரும் சொன்னதில்லை. விலை கொஞ்சம் கூடத்தான் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே கூடுதல்.

ஆகவே கோரிக்கை இரண்டு. கூப்பன் கழிவு தருகிற கடை, அதே கழிவைக் கைப்பேசி இல்லாதவருக்கும் கல்லாவிலேயே தர வேண்டும். கழிவுத் தொகை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, நிபந்தனைகளையும் அதே அளவில் அச்சிட வேண்டும். இவை முடியாது என்றால் என் 3 வெள்ளி 17 சென்னையாவது வாங்கித் தாருங்கள்.

பதிலைத் தபாலில் அனுப்புங்கள். ஆப்பில் அனுப்பினால் நான் திறப்பதற்குள் காலாவதியாகிவிடும்.

இப்படிக்கு,
சம்பளமில்லாத் தொழிலாளி,
கிள்ளான்.