தில்லி முன்ஜாக்கிரதை மாமா

தில்லித் தமிழர்களில் முன்ஜாக்கிரதை மாமா என்று ஒரு ரகம் உண்டு. ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று எங்கு தேடினாலும் கிடைப்பார். மத்திய சர்க்காரில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றிருப்பார். அவர் வீட்டுக் குளியலறையில் குளிக்கத்தான் இடம் தேட வேண்டும். மற்ற இடமெல்லாம் மூடி போட்ட டிரம். நடையில் இன்வெர்ட்டர், அதன் தலைமேல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், பால்கனியில் உபரி சிலிண்டர். ஊரிலிருந்து யார் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினாலும் அவருக்கு ஒரு பொட்டலம் புளி கொண்டுவந்தாக வேண்டும். ஓடாத ஸ்டெபிலைசரைத் தூக்கிப் போடச் சொன்னால், "இருக்கட்டுமே, சோறா கேட்கிறது?" என்பார். பேரன் பேத்திகள் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் மனிதரை இப்படி ஆக்கியது யார் என்றும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

பயந்த சுபாவம் என்று தள்ளிவிட முடியாது. ஊர்தான் அவரை ஆக்கியது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 2012 ஜூலை 30 அதிகாலையில் வட இந்திய மின்தொகுப்பு படுத்துவிட்டது. தட்டி எழுப்பி உட்கார வைத்தால், மறுநாள் மத்தியானம் கிழக்கையும் வடகிழக்கையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மறுபடி படுத்தது. சுமார் 60 கோடிப் பேர் இருட்டில். மெட்ரோ ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. இன்வெர்ட்டர் என்பது ஆடம்பரம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. 2016 பிப்ரவரியில் ஹரியானாவில் இடஒதுக்கீடு கேட்டு ஜாட் சமூகத்தினர் கிளர்ச்சி செய்தபோது, தில்லிக்குத் தண்ணீர் கொண்டுவரும் முனக் கால்வாய் சேதப்பட்டது. தில்லியில் குழாய் வறண்டு, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பக்கத்து மாநிலத்து இடஒதுக்கீட்டுக்கும் ரோகிணியில் ஒரு மாமி இட்லிக்கு ஊறப்போடுவதற்கும் சம்பந்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. 2023 ஜூலையில் இன்னும் விசேஷம். யமுனை 208.66 மீட்டருக்கு ஏறி, 1978-இன் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆறு ரிங் ரோட்டுக்கே வந்துவிட்டது, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. வஜிராபாத், சந்த்ராவல், ஓக்லா சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் அதிகமானாலும் தட்டுப்பாடு வரும் ஊரில், டிரம் வைத்திருப்பவரைப் பார்த்து எப்படிக் கிறுக்கு என்பது?

மாமாவின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கி வைத்ததோடு காரியம் முடிந்தது என்று நினைப்பார். எமர்ஜென்சி விளக்கு, பெயருக்கு மரியாதை கொடுத்து, அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். சும்மா சார்ஜ் போட்டால் தேய்ந்துவிடுமாம். டார்ச் இருப்பது பாக்ஸ் கட்டிலுக்குள். அதை எடுக்க மெத்தையைத் தூக்க வேண்டும், மெத்தையைத் தூக்க மாமியை எழுப்ப வேண்டும், மாமியை எழுப்ப டார்ச்சைவிடப் பெரிய துணை வேண்டும். 2025 பிப்ரவரி 17 காலை 5.36-க்கு, தௌலா குவான் பக்கத்தை மையமாகக் கொண்டு 4.0 அளவில் தில்லி குலுங்கியது. நல்லவேளை, சில விநாடிகளில் அடங்கிவிட்டது. பரணில் ரஜாய் மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும் அவசரப் பைக்கு ஏணி தேட அந்த நேரம் போதாது. மாமிக்கோ முன்ஜாக்கிரதை என்ற பட்டமே கிடையாது. புதுத் துவரம்பருப்பைப் பின்னால் வைப்பாள், பழசை முன்னால் நகர்த்துவாள், அவ்வளவுதான். தினம் கைபடுகிற சரக்கு கெடுவதில்லை. தீர்ந்தால் உடனே தெரிந்துவிடும். டிரம்மும் அப்படித்தான். வாரம் ஒரு தடவை தண்ணீரைத் துணிக்கு ஊற்றிவிட்டு, தேய்த்துக் கழுவி, வேறு பிடிக்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வயசுக்கு வர ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் எடுத்துக்கொள்கிறது. போன கோடையில் கூலரில் ஊற்றிய தண்ணீரை "இருக்கட்டுமே" என்று விட்டுவைப்பது, கொசுவுக்கு வாடகையில்லாத சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒதுக்குவதுதான். மாநகராட்சி ஆள் வந்து எட்டிப் பார்த்தால் சலான் மாமா பேருக்கு எழுதப்படும். அளவும் பிரமாதமில்லை. பேரிடர் முகாம்களுக்கு ஸ்பியர் கையேடு சொல்லும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். நாலு பேர், மூன்று நாள் என்றால் 180 லிட்டர், இரண்டு டிரம். ஆறாவது டிரம்மை எடுத்துவிட்டால் குளிக்க இடம் கிடைக்கும்.

இப்படி ஆளாளுக்குச் சேர்த்துவைத்தால் கடையில் பஞ்சம் வராதா என்று கேட்பார்கள். பஞ்சம் வருவது எல்லோரும் ஒரே ராத்திரியில் சேர்க்கப் போகும்போது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் ஊரடங்கை அறிவித்ததும் கடைவாசலில் முண்டியடித்தவர்களில், மாதம் அரைக்கிலோ அதிகம் வாங்கி வந்த மாமி இருந்திருக்க மாட்டாள். ஒருவர் வரிசையில் நிற்காதது இன்னொருவருக்கு இடம். 2016 நவம்பரில், 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள், தில்லியில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பியது. கையில் பணமே இல்லாத ஜனங்கள் பல மடங்கு விலைக்கு உப்பு வாங்கினார்கள். மூன்று பக்கம் கடல் உள்ள தேசத்தில்! வீட்டில் ஒரு ஜாடி உப்பு இருந்தவர்களுக்கு அந்த வதந்தி வெறும் வேடிக்கை.

இதெல்லாம் மாடிவீட்டுக்காரர் பொழுதுபோக்கு, அன்றாடங்காய்ச்சிக்கு ஏது இடமும் காசும் என்ற கேள்விக்குப் பாதிதான் பதில் சொல்ல முடியும். சங்கம் விஹாரில் டேங்கருக்குக் கேனோடு நிற்கிறவர்கள் மாமாவுக்கே பாடம் எடுக்கக் கூடியவர்கள். அவர்களுக்குக் குறைவது சாமர்த்தியமில்லை, குழாய். அதைப் போட வேண்டியது தில்லியின் குடிநீர் வாரியமான ஜல் போர்டு. எந்த டிரம்மும் அதற்கு ஈடாகாது. மறுபாதி மாமாவையே சேரும். அவர் டிரம்மோடு நிற்பதில்லை; மெயின் குழாயிலேயே டுல்லு பம்ப் மாட்டிவிடுகிறார். அது வருகிற தண்ணீரை உறிஞ்சுவதால் மற்ற வீடுகளில் அழுத்தம் விழுகிறது; குழாயில் ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வருகிறது. அப்படி மாட்டக் கூடாது என்று விதியும் இருக்கிறது. முப்பது வருஷம் விதிகளுக்கு நோட் எழுதியவருக்கு அது தெரியாததல்ல. கேட்டால் இதற்கும் முன்ஜாக்கிரதை என்றே பெயர் சொல்வார். மேல்வீட்டு சர்தார்ஜி வைத்திருக்கும் பெயர் பஞ்சாபியில் இருக்கிறது. அச்சில் போட முடியாது.